கொப்பரையில் வெந்த சாட்சி

கேமரா செல்போன் பிள்ளையார்பாளையத்துக்குப் புதிதாக வந்த காலம். நான் பிளஸ் டூ படித்தேன். பக்கத்துத் தெருவில் இருந்த கல்லூரி மாணவன் ஒருவன், அவனை நம்பி நான் அனுப்பிய என் படம் ஒன்றை வைத்துக்கொண்டு மிரட்ட ஆரம்பித்தான். இன்னும் படங்கள் அனுப்பாவிட்டால் ஊருக்கே காட்டுவேன் என்று மெசேஜ் மேல் மெசேஜ். அழுதுகொண்டே செல்போனை அப்பாவிடம் கொடுத்தேன்.

தறியில் ஓர் இழை அறுந்தால் பொறுமையாகத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிறவர் அவர். அந்தப் பொறுமையெல்லாம் பட்டுக்குத்தான் போல. பின்கட்டில் கொதித்துக்கொண்டிருந்த சாயக் கொப்பரையில் செல்போனைப் போட்டார்.

"நம்ம மானத்தக் காப்பாத்திட்டேன்மா, இத்தோட முடிஞ்சிது" என்று பெருமை வேறு.

அவனுடைய செல்போன் அவன் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது. மறுநாளே அம்மாவின் நம்பருக்குக் கூப்பிட்டு மிரட்டினான். பிறகுதான் காவல் நிலையத்துக்குப் போனோம்.

"அவன் அனுப்பின மெசேஜைக் காட்டுபா" என்றார் ஏட்டு. அப்பா என்னை முறைத்தார், கொப்பரையில் போட்டது நான்தான் என்பதைப் போல.

அதற்கப்புறமாவது புத்தி வந்ததா? என் படிப்பை நிறுத்தினார்கள். அவன் எங்கள் வாசல் வழியாகவே பைக்கில் கல்லூரிக்குப் போய்வந்தான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் மானம்.