மசாலாப் பெயர் கேட்டவர்

அவர் உளவியல் ஆராய்ச்சியாளர். ஆண்களை விரும்பும் ஆண்களான நாங்கள் எப்படி வாழ்கிறோம், நோய் வந்தால் மருத்துவரிடம் வாய் திறக்கிறோமா என்று கேட்டறிய மட்டாஞ்சேரிக்கு வந்திருந்தார். ஒடிசலான உடம்பு, தடித்த கண்ணாடி. "பயந்த மனசு உடம்பையும் மறைச்சிடுதுங்க" என்பார். யாருடைய பெயரையும் கேட்க மாட்டார். மசாலாப் பெயர் ஒன்றைச் சொல்லச் சொல்லித் தாளில் எழுதிக்கொள்வார். சுக்குக் கிடங்கில் வேலை செய்யும் நான் அவருக்கு ஜாதிக்காய். பெண்டாட்டிக்கும் தெரியாததை அவரிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு மத்தியானம் கிடங்கு வாசலில் நாலு பேர் அவரை மடக்கினார்கள். முன்னால் நின்றவன் என் மைத்துனன்.

"இங்க உள்ள அந்த மாதிரி ஆளுங்க யாரெல்லாம்? பேரு பறயடா."

"ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய்" என்றார்.

இரும்புக் கம்பி இறங்கி அவர் முழங்கை முறிந்த சத்தம் கேட்டது. அடுத்த அடி விழுவதற்குள் ஓடிப்போய்த் தாங்கினேன்.

"அளியா, இவன உனக்குத் தெரியுமோ?" என்றான் மைத்துனன்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் முறியாத கையால் என்னை ஓங்கி அறைந்தார். "யாருடா நீ? தொடாத" என்று காறித் துப்பினார்.

மைத்துனன் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கன்னத்தில் ஐஸ் வைத்தான். "நல்லது செய்யப் போனா இதான் கிட்டும் அளியா."

வாசலில் அவர் ஒற்றைக் கையால் சிதறிய தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போகவில்லை.