பத்து மாத வருஷம்

"மாசம் மூவாயிரம் கேரண்டி மேடம்" என்று தரகர் மஞ்சுநாத் சொல்லி வாயை மூடுவதற்குள், அலர்மேல்மங்கை அதை இரண்டாயிரத்து ஐந்நூறாக்கிப் பத்தால் பெருக்கி முடித்திருப்பார். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாத வாடகை வரும் என்பதை அவர் ஒப்புக்கொள்வதே இல்லை. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். இன்னொரு மாதத்து வாடகையைப் பெயிண்டும் மோட்டாரும் வீட்டு வரியும் தின்றுவிடும்.

"உங்க காலண்டர்ல மட்டும் ரெண்டு மாசம் கிழிஞ்சே வருதா மேடம்? சும்னே பயப்படறீங்க. பெங்களூர்ல வீடு காலியா நிக்குமா?" என்பார் மஞ்சுநாத், கன்னடம் கலந்த தமிழில்.

"நின்னா வாடகையை நீங்க தருவேளா?" என்று கேட்டுவிட்டு அலர்மேல்மங்கை அடுத்த வீட்டுப் படி ஏறுவார்.

வங்கியின் கடன் பிரிவில் தலை நரைத்தவர் அவர். கடன் கேட்டு வருகிறவர்கள் எழுதித் தரும் கணக்கில் வீடு ஒருநாள்கூடக் காலியாக இருக்காது, குழாய் ஒழுகாது, குடியிருப்பவர் பாக்கி வைக்கமாட்டார். அவர்களில் சிலருடைய வீட்டு ஏல அறிவிப்பையும் இவரே டைப் அடித்திருக்கிறார். விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது கைக்குக் கிடைத்தது ஒரே தொகை. கணவர் சௌரிராஜன் வேலை பார்த்த தொழிற்சாலை பென்ஷன் என்ற பேச்சே இல்லாமல் மூடிக்கொண்டது. ஒரு கட்டடம் வாங்கி, அதன் வாடகையில் இருவரும் கடைசிவரை சாப்பிட்டாக வேண்டும். "தப்புப் பண்ணினா திருத்திக்க வயசில்லைன்னா" என்று கணவரிடம் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும்.

வாடகை எவ்வளவு போகும் என்று வீட்டுக்காரரைக் கேட்கமாட்டார். வாசலில் இஸ்திரி போடுகிறவரைக் கேட்பார், அவர் சொல்வதிலும் நூறு ரூபாய் குறைத்துக்கொள்வார். வீடு பார்க்கப் போவது ஏப்ரல் மாத மத்தியானத்தில். போர்வெல்லின் யோக்கியதை அப்போதுதான் தெரியுமாம்.

இந்த ஜாக்கிரதைக்கு அவர் விலையும் கொடுத்திருக்கிறார். மல்லேஸ்வரத்தில், தன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, கணக்குக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அவர் விட்ட வீட்டை வாங்கியவர் இப்போது மேலே இன்னொரு மாடி எழுப்பிவிட்டார். கோயிலுக்குப் போகிற வழி அது. "தெனம் கண்ணுல பட்டுண்டே இருக்கு, வயிறு எரியறது" என்று மறைக்காமல் சொல்வார்.

கடைசியில், இரண்டாயிரத்து ஒன்றில், விவேக் நகரில் கிருஷ்ணப்பா என்பவரின் கட்டடம் அமைந்தது. நாலு போர்ஷன், நாலிலும் ஆட்கள், ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வாடகை. பத்து மாதக் கணக்கிலும் தேறியது. பெங்களூர் வழக்கப்படி ஒவ்வொருவரும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருந்தார்கள். அதைக் கிருஷ்ணப்பா இவர்களிடம் ஒப்படைத்தபோது சௌரிராஜனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"முழுசா ஒரு லட்சம். பத்திரச் செலவுக்குக் கவலையே இல்லை."

"அது அவா பணம்னா. காலி பண்றச்சே கேப்பா."

"புதுசா வர்றவன் குடுக்கறதை எடுத்துக் குடுத்தாப் போறது. ஊரே அப்படித்தானே பண்றது?"

அலர்மேல்மங்கை லட்சத்தை வங்கியில் தனியாகப் போட்டார். பத்திரச் செலவுக்குத் தன் வளையல்களை விற்றார். சௌரிராஜன் கோபத்தில் ஒரு வாரம் தன் காபியைத் தானே போட்டுக்கொண்டார்.

அந்த வருஷமே கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆட்களைக் கழற்றிவிட ஆரம்பித்தன. இரண்டு போர்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். புதிதாகக் கேட்டு ஒருவரும் வரவில்லை. இப்படியும் நடக்கும் என்று அவருடைய பத்து மாதக் கணக்குக்கும் தெரிந்திருக்கவில்லை. நாம் பயந்ததும் போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மூன்றாவதாகப் போர்ஷனைக் காலி செய்து, சாவியோடு மல்லேஸ்வரத்துக்கு வந்தவன் ஹரிஷ். வேலை போய், கூட வந்திருந்த மனைவி தீபிகாவோடு சேலத்துக்குத் திரும்புகிறான்.

"ஆன்ட்டி, அட்வான்ஸ் இப்ப முடியலன்னா அடுத்த ஆள் வந்ததும் குடுங்க. பெயிண்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குங்க." ஊர் வழக்கத்தைத்தான் சொன்னான். சொல்லும்போது அவன் தீபிகாவைப் பார்க்கவில்லை.

முந்தின நாளே வங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த இருபத்தைந்தாயிரத்தையும் அலர்மேல்மங்கை அவன் கையில் வைத்தார். "எண்ணிக்கோப்பா. பெயிண்டுக்கு நான் முன்னாடியே ஒதுக்கியாச்சு."

ஹரிஷ் எண்ணவில்லை. பணத்தைத் தீபிகாவிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவர்கள் போன பிறகு சௌரிராஜன் மெல்லக் கேட்டார். "இனிமே ஒரே ஒரு வாடகை. எப்படி ஓட்டறது?"



மறுநாள் காலை பால் பூத்துக்காரர் வழக்கம்போல இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். அலர்மேல்மங்கை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றொன்றை ஒரு விரலால் அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.