எங்கள் தெருவின் அடிக்கணக்கு

ஜமுனாமரத்தூரில் நான் மனு எழுதுகிறவன். பட்டா, ஜாதிச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் என்று தாலுகா ஆபீசுக்கு வருகிற எவருக்கும் எழுதிக் கொடுப்பேன். ஒவ்வொரு மனுவிலும் 'நியாயம்' என்ற சொல் இரண்டு முறையாவது வரும். அதை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. கை பழகிய அளவுக்கு மனம் பழகவில்லை என்பது எங்கள் தெருவுக்கு ரோடு போட்டபோதுதான் தெரிந்தது.

மழை பெய்தால் எங்கள் தெருவில் நடக்க முடியாது. முழங்கால் வரை செம்மண் சேறு. பேறுகாலப் பெண்ணைக்கூடக் கட்டிலில் வைத்துத்தான் மெயின் ரோட்டுக்குத் தூக்கிப் போவார்கள். செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தெருக்காரர்கள் போட்டால், மீதியை அரசு கொடுத்து சிமெண்ட் ரோடு போட்டுத் தரும் என்று ஆபீசில் கேள்விப்பட்டு வந்து சொன்னவனே நான்தான். மனுவும் நான் எழுதியதுதான். சாங்ஷன் ஆனதும் தெருவில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது பொய், நான் முன்பே அப்படித்தான்.

பங்கை எப்படிப் பிரிப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட்டோம். எங்கள் மலை ஊர்களில் கோயில் செலவோ கிணற்றுச் செலவோ எதுவானாலும் தலைக்கட்டுக் கணக்குதான். குடும்பம் ஒன்றுக்கு ஒரு பங்கு. கணவனை இழந்து தனியாக இருக்கும் பெண்ணுக்கு அரைப் பங்கு. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அப்படியே ஆரம்பித்தார். என் வீட்டுக்கு வந்ததும் மூன்று என்றார். கீழே நாங்கள் ஒரு குடும்பம், மாடியில் வாடகைக்கு இரண்டு குடும்பம். குடியிருப்பவர்கள் சொந்த வீட்டுக்காரர்கள் இல்லை, அவர்களிடம் வாங்க முடியாது, அதனால் மூன்று பங்கும் நான்தான் கொடுக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம்.

எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்றேன். ரோடு என்பது கோயில் திருவிழா மாதிரி இல்லை, யார் வாசலில் எத்தனை அடி ரோடு வருகிறதோ அதற்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும், டவுனில் எல்லாம் அப்படித்தான் என்று பேசினேன். டவுனில் எப்படி என்று எனக்கு ஒன்றும் தெரியாது. என் வீட்டு முகப்பு பதினாறு அடி என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டு மாடி எழுப்பியிருந்தாலும் பதினாறு அடிதான். 'நியாயம்' என்று அன்று எத்தனை முறை சொன்னேனோ. படித்தவர் சொல்கிறார் என்று எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். ஊர்க்கவுண்டர் மட்டும் தலையாட்டவில்லை; சரி, அளந்துவிடுங்கள் என்றார்.

அளக்கிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். டேப் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுக்காரர் ஒரு முனையைப் பிடிப்பார், நான் மறுமுனையைப் பிடித்து அளவைச் சொல்லி நோட்டில் எழுதுவேன். தெருவின் கடைசியில் ஓர் அக்கா வீடு. ஐம்பது வயதைத் தாண்டியவர், தனி ஆள். வீடு பன்னிரண்டு அடிகூட இருக்காது. ஆனால் வீட்டை ஒட்டித் தெரு ஓரமாக நீளமாக ஒரு களம். அவருடைய மாமனார் காலத்திலிருந்து தெருவே அதில்தான் சாமைக் கதிர் அடிக்கிறது, கேழ்வரகு காயவைக்கிறது. யாரும் கேட்டு வருவதில்லை, அவரும் யாரையும் ஏனென்று கேட்டதில்லை. சாணி தெளித்து மெழுகி வைப்பது மட்டும் அவர் வேலை.

அன்று களத்தின் தெரு ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு மிளகாய். காலையில் என் மனைவி போட்டுவிட்டு வந்தது. டேப் நேராக வர வேண்டும் என்று அந்த அக்கா சாக்கை ஒரு பக்கமாக இழுத்து நகர்த்தினார். சிந்திய நாலு மிளகாயைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். பிறகு குனிந்து டேப்பின் முனையைத் தரையோடு பிடித்துக்கொண்டார்.

அது தப்பு என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இந்தக் களம் இவருடையது என்று எழுதக் கூடாது, தெருவுக்குப் பொதுவானது, இதன் பங்கை எல்லோருமாகப் போட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். போட்டால் பழையபடி தலைக்கட்டுக்கே போகலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். எழுபத்திரண்டு அடி என்று எழுதினேன். அரைப் பங்கு கொடுக்க வேண்டியவருக்குத் தெருவிலேயே பெரிய பங்கு விழுந்தது.

"சரியா அளந்துட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். சரியாகத்தான் அளந்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, நான் மனு எழுதும் கடைக்கு வந்தார். கூடவே ஒடுகத்தூர் புளி வியாபாரி. அக்கா தன் மூன்று புளியமரங்களைப் பூ விட்டிருக்கும்போதே அந்த வருஷக் காய்க்குப் பேசி, ரோட்டுப் பங்குக்காக முன்பணம் வாங்குகிறார், அதற்கு ஒப்பந்தம் எழுத வேண்டும். பூவில் பேசினால் பாதி விலைகூடக் கிடைக்காது என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். எழுதுகூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைப் பெருந்தன்மை என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ரோடு வந்தது. நல்ல ரோடுதான், குறை சொல்ல முடியாது. மாசியில் வியாபாரியின் ஆட்கள் வந்து மரங்களை உலுக்கிக் காயை மூட்டை கட்டினார்கள். அதற்குச் சில நாள் கழித்து ஒரு மதியம் அந்த வழியாகப் போனேன். அக்கா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். யாருடைய புளி என்று கேட்டேன். வியாபாரியுடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி என்றார். அவருடைய மரத்துப் புளிதான் அது. அவரே கூலிக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் கணக்குப் போட்டேன். அரைப் பங்குக்கு மேல் அவர் கொடுத்தது எவ்வளவோ அவ்வளவு பணத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். களத்தைக் கணக்கில் சேர்த்தது தப்பு, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கையைத் துடைக்கவில்லை.

"தப்புன்னு எப்ப தெரிஞ்சுது உங்குளுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "அளக்கும்போதேக்கா" என்றேன்.

அவர் கையிலிருந்த புளியைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"ரோட்டுக்குன்னு கேட்டீங்க, குட்த்தேன். இத இன்னாத்துக்குன்னு நான் வாங்கறது? தப்புன்னா எல்லாரும் இருக்கசொல்ல அங்க சொல்லுங்க தம்பி. வூட்டாண்ட வந்து எங்கிட்ட சொன்னா நானு இன்னா பண்றது?"

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் வந்தேன். அடுத்த மாதம் மாடி வீட்டுக்கு வெள்ளையடித்ததில் அது செலவாகிவிட்டது. தெருவில் ரோடு இருக்கிறது என்று சொல்லி வாடகையையும் கூட்டினேன்.

போன ஆவணியில் மறுபடி கூட்டம். இந்த முறை தண்ணீர்க் குழாய். பங்கு எப்படி என்று பேச்சு வந்ததும், ரோட்டுக்குப் போட்ட அடிக்கணக்கே இருக்கட்டும், அதுதான் சண்டை இல்லாமல் முடிந்தது என்றார்கள். ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் இல்லை என்றேன். நோட்டில் அவருடைய பங்கை எழுதியதும் நான்தான்.