ஐந்து பேப்பருக்கும் ஒரே செய்தி

மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கட்டுப் பிரிக்கும் ராஜாங்கத்தை நிருபர் என்று சொன்னால் அவருக்கே கொஞ்சம் சிரிப்பு வரும். இருபது வருஷமாக ஏஜெண்ட். விடியற்காலையில் வேன் தள்ளிவிட்டுப் போகும் கட்டுகளைப் பிரித்து, அனுமந்தை வரைக்கும் சைக்கிளில் போட்டுவிட்டு வந்து, அதே பேப்பருக்குச் செய்தியும் எழுதுவார். சம்பளம் கிடையாது. ஆனால் பையில் பேனாவும் அடையாள அட்டையும் இருப்பதால் போலீஸ் ஸ்டேஷனில் நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியின் மேல் மனிதருக்கு உயிர்.

அந்தப் பக்கத்தில் அவரையும் சேர்த்து ஐந்து பேர், ஐந்து பேப்பருக்கு. ஒருவர் மட்டும் ஒரு செய்தியைப் போட்டுவிட்டால், மற்ற நால்வருக்கும் மறுநாள் ஆபீசிலிருந்து அர்ச்சனை விழும். இந்த அவஸ்தைக்கு வைத்தியம் கண்டுபிடித்தவரே ராஜாங்கம்தான். முறை வைத்துக்கொண்டார்கள். வாரம் ஒருவர் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று சுற்றி வருவார். கிடைத்ததை மற்றவர்களுக்குப் போனில் வரி வரியாகச் சொல்வார். ஐவரும் அனுப்பினால் ஐந்திலும் வரும். யாரும் அனுப்பாவிட்டால், விட்டுப்போனது என்று எந்த ஆபீசுக்கும் தெரியாது. வழக்கு என்றால் கைதுக்கு நாலு வரி, தீர்ப்புக்கு எட்டு வரி. நடுவில் கோர்ட்டுக்குள் நடப்பதை உட்கார்ந்து கேட்க ஒருத்தருக்கும் பொறுமை கிடையாது. கேட்டால், அதெல்லாம் யார் படிக்கிறார்கள் என்பார்கள்.

2004 டிசம்பர் முதல் வாரத்தில் தட்சணாமூர்த்தி என்ற உப்பளத் தொழிலாளி செத்துப்போனார். குவித்து வைத்த உப்பின் மேல் ஓலையைச் சரியாக மூடவில்லை, பாதி மழையில் கரைந்துவிட்டது என்று முதலாளி காசிலிங்கம் கட்டையால் அடித்ததில் உயிர் போனது என்பது வழக்கு. காசிலிங்கம் கைதான செய்தி நாலு வரி வந்தது. மாதக் கடைசியில் கடல் ஊருக்குள் ஏறியது. ஜீப்பும் கேமராவும் கரை நெடுக நின்ற நாட்களில் ஒரு உப்பளத்துச் சாவை யார் கேட்கப் போகிறார்கள்? ஜாமீனில் வந்த காசிலிங்கம் குப்பம் குப்பமாக அரிசி மூட்டை இறக்கினார். அந்தப் படம் ஐந்து பேப்பரிலும் வந்தது. எடுத்தவர் ராஜாங்கம்.

2006 ஆகஸ்டில் திண்டிவனம் கோர்ட்டில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அடித்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர், பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிய கன்னியப்பன். அவர் ஒருநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். ஒரு வாரமாக யாரோ இரண்டு பேர் அவர் வேலை செய்யும் வரப்பில் வந்து உட்காருகிறார்களாம். பேசுவதில்லை, மிரட்டுவதில்லை. கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"நான் கோர்ட்ல சொல்றத பேப்பர்ல போட்டுடுங்க சார். ஊரே படிச்சிட்டா, எனக்கு ஒண்ணுன்னா யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கை வெக்க யோசிப்பாங்க" என்றார் கன்னியப்பன்.

அந்த வாரம் ராஜாங்கத்தின் முறை. போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

கோர்ட்டில் காசிலிங்கமே எழுந்து வந்து ராஜாங்கத்துக்கு வணக்கம் வைத்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து உட்காரச் சொன்னார். கன்னியப்பன் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். எத்தனை அடி, எந்தக் கை, எல்லாம். குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டு, பத்து நாள் தள்ளிப்போனது. அவ்வளவு நேரமும் காசிலிங்கம் சாட்சியைப் பார்க்கவே இல்லை. ராஜாங்கத்தின் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் ராஜாங்கம் எழுதினார். கோர்ட் வாசலிலேயே ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு நால்வருக்கும் போன் போட்டார். எல்லாரும் சரி என்றார்கள். இருப்பதிலேயே சின்னவனான ஜெயப்பிரகாஷ் மட்டும், முதலாளி பேரைப் போட வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டான்.

மறுநாள் கட்டைப் பிரித்து, மற்ற நாலையும் வாங்கி, ஐந்து பேப்பரையும் கடைசிப் பக்கம்வரை புரட்டினார். எதிலும் இல்லை. அவருடைய பேப்பரிலும் இல்லை. ஆபீசுக்குப் போன் செய்தார். "மத்த பேப்பர்ல விசாரிச்சோம். யாருக்கும் அப்பிடி ஒரு நியூஸ் வரலியாம். நெசமா இருந்தா எல்லாருக்கும் வந்திருக்குமேப்பா" என்றார் அங்கே இருந்தவர். ராஜாங்கம் போட்ட வழக்கம் அவர் வாயையே அடைத்துவிட்டது. ஜெயப்பிரகாஷைப் பிடித்துக் கேட்டபோது, காசிலிங்கம் நால்வரையும் கூப்பிட்டுப் பேசினார் என்றான். "நீங்களும் அனுப்ப மாட்டீங்கன்னு நெனச்சோம்ணே." அவன் மேல் கோபப்படக்கூட ராஜாங்கத்துக்கு முகம் இல்லை.

மூன்று நாள் உப்பளப் பக்கமே போகாமல் சுற்றிப் போனார். நாலாம் நாள் கன்னியப்பனே வந்து நின்றார். அவருக்கும் படிப்பு கிடையாது, மனைவி ஞானாம்பாளுக்கும் கிடையாது.

"வந்துச்சா சார்? வரலன்னா சொல்லிடுங்க. இடையஞ்சாவடில மச்சான் வூடு இருக்குது, கேஸ் முடியிற வரைக்கும் அங்க போயிட்றேன்."

வரவில்லை, வராது, இப்போதே கிளம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை. ஆனால் இருபது வருஷமாக ஊருக்கே நிருபராக நடமாடிய மனிதருக்கு, தன் சொல் ஆபீசில் செல்லவில்லை என்று ஒரு உப்பளக் கூலியிடம் ஒத்துக்கொள்ள நாக்கு எழவில்லை. "நாளைக்கு வந்துடும்பா" என்றார். கன்னியப்பன் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

குறுக்கு விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கன்னியப்பன் உப்பள வாய்க்காலில் குப்புறக் கிடந்தார். தண்ணீர் முழங்கால் அளவு. வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஸ்டேஷனில் சொல்லி நாற்காலி போட்டார்கள். குறுக்கு விசாரணை முடியாத சாட்சி நிற்காது என்பது ராஜாங்கத்துக்குத் தெரியும். காசிலிங்கம் இனி விடுதலையாகிவிடுவார். அன்றைக்கு, முறை முடிந்திருந்தும், நால்வரும் ராஜாங்கத்தை அவர்களாகவே கூப்பிட்டுச் செய்தி கேட்டார்கள். இறந்தவர் கொலை வழக்கில் ஒரே சாட்சி என்று கடைசியில் ஒரு வரி எழுதினார். அதை வைத்தால் ஒன்றிலும் வராது என்று தோன்றியது. அந்த வரியை அடித்துவிட்டு, மீதியைப் போனில் படித்துக் காட்டினார். ஐந்து பேப்பரிலும் வந்தது.

காரியத்துக்கு மறுநாள் ஞானாம்பாள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். மடித்த பேப்பர் ஒன்று கையில் இருந்தது. யாரோ கொடுத்ததாம், எங்கே என்று காட்டச் சொன்னார். உள்பக்கத்தில், கீழே, நாலு வரியை ராஜாங்கம் விரலால் தொட்டுக் காட்டினார்.

"பேப்பர்ல வந்துடும், அப்பறம் பயம் இல்லன்னு சொல்லினே இருந்தாரு. அதான் ஊர வுட்டுப் போவல" என்றார் ஞானாம்பாள். தானும் அந்த இடத்தில் விரலை வைத்தார். "அவரு சொன்னது இதானா சார்?"

"இதாம்மா" என்றார் ராஜாங்கம்.