அது அழுக்கு இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வாரம் இது நடந்தது. எனக்கு ஊர் வையம்பட்டி. திருச்சியில் கல்லூரியில் படித்ததால், ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டில் தங்கியிருந்தேன்.

பள்ளி நாளிலிருந்தே என் பின்கழுத்து கறுத்துத் தடித்திருக்கும். "தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?" என்று டீச்சர் வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். உறவினர்கள் கடலை மாவு, எலுமிச்சை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். விசேஷத்தில் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அத்தை என்னை பார்லருக்கு அழைத்துப்போய் ப்ளீச் போட வைத்தார். கழுத்து வெந்து புண்ணாகிவிட்டது.

மறுநாள் தில்லைநகரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். "குளிக்கும்போது தேய்க்கவே மாட்டா டாக்டர்" என்று ஆரம்பித்தார் அத்தை.

"இது அழுக்கு இல்லீங்க. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா தோல் இப்படிக் கறுக்கும். வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?"

அப்பாவுக்கு இருக்கிறது என்றேன். உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்துவிட்டு, "உனக்கு இன்னும் சுகர் வரலைம்மா. ஆனா வர்ற வழியில இருக்கு. இப்பவே சாப்பாட்டைக் கவனிச்சு, தினம் நடந்தா தடுத்துடலாம்" என்றார்.

"மயக்கம், தலைசுத்தல் எதுவும் இல்லாம நல்லாத்தானே இருக்கா?" என்றார் அத்தை.

"அதெல்லாம் வந்தப்புறம் வந்தீங்கன்னா நான் மாத்திரைதாங்க எழுதணும்."

வெளியே வந்ததும் அத்தை என் கையைப் பிடித்தார். "இதை யார்கிட்டயும் சொல்லிடாத. நாளைக்கு உனக்கும் மாப்பிள்ளை பார்க்கணும்."

இல்லாத அழுக்கை ஊரெல்லாம் பேசலாம், உண்மையை மட்டும் மறைக்க வேண்டுமாம்.

நிச்சயதார்த்த மண்டபத்தில் பெரியம்மா ஒருவர் என் கழுத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "அழுக்கு இல்ல பெரியம்மா. சுகர் வரப்போகுதுன்னு உடம்பு காட்டுற அடையாளம்" என்றேன், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி. அத்தை அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருவர் தன் மகளை அழைத்து வந்து, அவள் பின்னலை ஒதுக்கிக் காட்டினார். "இவளுக்கும் இப்படித்தாங்க இருக்கு. எந்த டாக்டர்?"

அந்தச் சிறுமியின் கழுத்தில் தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கீறல்கள்.

அடுத்த வருடப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை அளவு சரியாகியிருந்தது. ஆனாலும் அத்தனை வருடம் என் கழுத்தைப் பார்த்துக் குறை சொன்னவர்களில் ஒருவருக்குக்கூட, அது ஏன் கறுத்தது என்று கேட்கத் தோன்றவில்லையே என்று நினைத்தால், இன்றும் ஆத்திரம் அடங்குவதில்லை.