மூன்றாம் உலையின் சாம்பிள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு கிடையாது. இது நடந்தது. எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

செம்பு உருக்கும் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கல்லும் மண்ணும் கலந்து வரும் தாதுவைப் பொடியாக்கி உலையில் உருக்குவார்கள். வேண்டாத கசடு மேலே மிதக்கும், செம்பு கீழே தங்கும். அதில் ஒரு கரண்டி மொண்டு, சின்ன வில்லையாக ஊற்றி, தண்ணீரில் ஆற வைத்து எங்களிடம் கொண்டுவருவார்கள். தேய்த்து இயந்திரத்தில் வைத்தால், அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. இரண்டு வார லீவு முடிந்து முந்தின இரவுதான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. அடுத்து வரவேண்டியவளின் குழந்தைக்குக் காய்ச்சலாம். காலை ஷிப்டும் என் தலையில் விழுந்தது. பதினொன்றரைக்கெல்லாம் கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை எனக்கு அன்றுதான் கைவந்தது.

11.40. டக்.

நிமிர்ந்தேன். மேஜைக்கு எதிரே ஒருவர் நின்றிருந்தார். உலைக்காரர்களின் வெள்ளிநிறக் கோட்டு, முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. தட்டில் ஒரு வில்லை. எந்த உலை என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

போன பிறகுதான் உறைத்தது. எங்கள் கதவின் கீல் துருப்பிடித்தது. திறந்தால் ஊரைக் கூட்டும். அவர் வந்தபோதும் சத்தமில்லை. போனபோதும் இல்லை...

வில்லையைத் தொட்டேன். சுரீரென்றது. ஆற வைக்காமலே கொண்டுவந்திருக்கிறார் என்று முணுமுணுத்தபடி தேய்த்து வைத்தேன். செம்பு சரி. இரும்பு சரி. அதற்குக் கீழே கால்சியம், பாஸ்பரஸ். கண்ணைக் கசக்கிக்கொண்டேன். கால்சியம் செம்பில் தங்காது, கசடோடு போய்விடும். இயந்திரமும் என்னைப்போல் அசந்துவிட்டது என்று எண்ணி, எண்களை எழுதி வைத்தேன்.

12.10. டக்.

அதே ஆள். இந்த முறை கவனித்தேன். கோட்டில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. கையில் இடுக்கி இல்லை. கையுறையும் இல்லை. அந்தச் சூட்டை வெறும் விரலால் வைத்திருக்கிறார்.

கால்சியம் இரண்டு மடங்கு...

12.40. டக்.

இந்த முறை அவர் போகவில்லை.

இயந்திரத்தைப் பார்த்து நின்றார். முடிவுக்காகக் காத்திருந்தார். வில்லையைத் தேய்த்து வைத்தேன். அரை நிமிடம்... அறையில் என் மூச்சு மட்டும் கேட்டது.

ஒருவர் மூச்சு மட்டும்.

நான்கு மடங்கு.

"எழுதிக்கோம்மா."

நாள் முழுக்கச் சுமை தூக்கியவன் குரல். எழுதினேன். நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை.

ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன். மூன்றாம் உலையில் என்ன கொட்டினீர்கள், கால்சியம் ஏறிக்கொண்டே போகிறதே என்றேன்.

"மூணாம் உலையா? அது அணைச்சுப் பதினொரு நாள் ஆச்சேம்மா. ஆளுங்க உள்ளே இறங்கிச் செங்கல் பேத்துக்கிட்டு இருக்காங்க."

தட்டைப் பார்த்தேன். மூன்று வில்லைகள். கடைசி வில்லையில் இன்னும் சூடு இருந்தது.

ஃபோர்மேன் ஓடிவந்தார். வில்லைகளைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். இந்தக் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து எதில் இருக்கும் என்று கேட்டார்.

"எலும்புல," என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், மூன்றாம் உலையில் சாம்பிள் எடுத்துவந்த ஆள் ஒருவன் வேலை நேரத்தில் காணாமல் போனான். யாரும் தேடவில்லை. வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். வேறொருத்தியோடு போய்விட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவன் மனைவி அந்தப் பேச்சையும் சுமந்துகொண்டு பிள்ளைகளை வளர்த்தாள்.

தூக்கக் கலக்கத்தில் எதையோ பார்த்திருப்பாய் என்றார் மேலாளர். வில்லைகளை அவர் மேஜையில் வைத்தேன். அவரே ஃபோர்மேனோடு உலைக்குப் போனார். உலையின் அடியில் வருடக்கணக்காக உறைந்து கிடந்த செம்பை வெட்டி எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு துண்டு என்னிடம் வந்தது. மூன்றாவது வில்லையில் வந்த அதே எண்கள். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஃபோர்மேனும் அந்தத் துண்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு காணாமல் போனவர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் ஓடிப்போகவில்லை என்றார்.

அவர் அழவில்லை. செம்புத் துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தம்பி. ஒன்பது வருஷமா தினமும் ஷிப்ட் முடிஞ்சு வந்து, அந்த ஜன்னலோரம் நின்னுட்டுத்தான் போவார். களைச்சுப்போய் நிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்."

ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமையில இருந்துதான் வரல."