இரவல் கஷாயச் சட்டி

சீனாவின் போஜோ மருந்துச் சந்தையில் மூலிகை புடைக்கும் சூச்சினுக்கு ஐம்பது வயதில் கழுத்தில் வரிசையாக நெறி கட்டியது. ஷியாகூ மூலிகையின் கதிரையும் சிப்பி ஓட்டையும் சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார் வைத்தியர். அந்தக் கதிரை மலைமலையாகப் புடைத்தே வயதைக் கழித்தவள் வீட்டில் அதைக் காய்ச்ச ஒரு மண்சட்டி இல்லை. என்ன பிழைப்போ!

எதிர்வீட்டு வெய் தன் சட்டியைக் கொடுத்தார். சந்தையில் மூட்டை வண்டி ஓட்டுபவர், மனைவியைப் பறிகொடுத்தவர். கொடுத்ததோடு விடாமல் தினமும் வாசலில் வந்து நின்று, "கசக்குதுன்னு கீழ ஊத்திடாதே. நான் பாத்துட்டுதான் போவேன்" என்று அதட்டுவார். அவளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். புருஷன் போனபிறகு, அவள் சாப்பிட்டாளா குடித்தாளா என்று பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

கட்டிகள் வற்றின. சட்டி அவளிடமே தங்கிவிட்டது. இரவல் வாங்கிய கஷாயச் சட்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தால், நோயையும் கூடவே கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். கொடுத்தவர் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் அவர்களே வந்து எடுத்துப்போவார்கள். அதுதான் அங்கே முறை. இதற்குள் எதிர்வரிசை வீடுகளை இடித்தார்கள். வெய் ஆற்றுக்கு அக்கரையில் மகனின் அடுக்குமாடிக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டில் இருந்தவரை கஷாயம் ஒரு சாக்கு. பாலம் தாண்டி ஒரு விதவை வீட்டுக்கு வர அவருக்கு இனி என்ன சாக்கு? சட்டி ஒன்றுதான். சாயங்காலமானால் சூச்சின் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள். அவர் வரமாட்டாரா என்று ஏங்குவாள். வந்தால் நோயோடு அல்லவா வருவார் என்று உடனே தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாள் மறுபடி ஏக்கம்.

கூட வேலை செய்யும் ஜின்ஃபெங் சும்மா இருப்பாளா? "ஆள் வராட்டி என்னடி, சட்டியையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தேன்!"

"வாயைக் கழுவுடி" என்பாள் சூச்சின். முகம் சிவந்துவிடும்.

அக்கரைக்குப் போன மூன்றாவது குளிர்காலத்தில் வெய் வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னங்க, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

"சட்டி இருக்கா?" என்றார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "யாருக்கு?"

கழுத்துத் துணியை விலக்கிக் காட்டினார். தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. "பயப்படாதே. சாதாரணக் கட்டிதானாம், ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க."

"சட்டியத் தர மாட்டேன்."

"அடிப்பாவி, அது என் சட்டி!"

"உங்க மருமக தீய விட்டுடுவா. நானே காய்ச்சுறேன். சாயங்காலம் வந்து குடிச்சிட்டுப் போங்க."

"இந்தக் குளிர்ல தினமும் பாலம் தாண்டி வரணுமா?"

"வரணும்."

அவர் சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சூச்சின் கதிரைக் கழுவி ஊறவைத்தாள். அவருக்குச் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். ஆனால் ரொம்பச் சீக்கிரம் வேண்டாம் என்று அடுத்த மூச்சிலேயே சேர்த்தும்கொண்டாள். தான் கேட்டது உறைத்ததும் வெட்கமாகிப்போயிற்று. அந்தக் கடைசிச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். வாய் வரவில்லை.